அடுத்த செவ்வாய் முதல் தடவை உளவியலாளரிடம் போகிறேன். உள்ளே என்ன நடக்கும்?

வாவெட்டிப் பிள்ளை | வியாழன், இரவு 9.12

வணக்கம். இங்கே கன நாளாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. வயது 27, ஒட்டுசுட்டான் பக்கம். முன்பள்ளியில் படிப்பிக்கிறேன்.

ஆறு மாதமாக ஒழுங்கான நித்திரை இல்லை. பகலில் பிள்ளைகளோடு இருக்கும்போது ஒன்றும் தெரியாது. இரவு 2 மணிக்கு நெஞ்சு அடித்து எழும்பிவிடுவேன், பிறகு விடியும்வரை யோசனைதான். தலையிடி, உடம்பு உளைவு என்று மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரத்தம் சோதித்தார்கள், ஈ.சி.ஜி. எடுத்தார்கள், எல்லாம் சரி என்றார்கள். மூன்றாம் தடவை பார்த்த டொக்டர்தான் ஆறுதலாக இருந்து கேட்டார். அவர் மனநலக் கிளினிக்குக்குத் துண்டு எழுதினார். அங்கே இப்போதைக்கு மருந்து வேண்டாம், உளவியலாளரோடு கதைத்துப் பாருங்கள் என்று நாள் போட்டுத் தந்திருக்கிறார்கள்.

2009இல் எனக்கு 11 வயது. அதற்கு மேல் இங்கே எழுதவில்லை.

போனவுடன் எல்லாவற்றையும் சொல்லச் சொல்வார்களா? அம்மா தானும் வருகிறேன் என்கிறார், அவரும் உள்ளே இருப்பாரா? எழுதுகிற குறிப்பு எங்கே போகும்? என் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார் யாராவது அந்த வாங்கில் என்னைக் கண்டால் என்ன சொல்வது? போனவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

---

குளக்கட்டு | வியாழன், இரவு 10.05

தங்கச்சி, நான் போனவன். இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்கிற ஆள். முதல் நாள் கிளினிக் வாசல்வரை போய்விட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு மாதம் கழித்துத்தான் உள்ளே போனேன். அப்படித் திரும்பி வருவதும் நடக்கிற விடயம்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை.

உள்ளே போனதும் எனக்குப் பிடிக்காமல் போனது மேசை. அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், நடுவில் கொப்பியும் பேனையும். பெயர், வயது, குடும்பம் என்று கேட்டுக்கொண்டு வந்தவர், ‘2009இல் எங்கே இருந்தீர்கள்’ என்றார். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. இந்தக் கேள்வியை எத்தனை மேசைக்கு முன்னால் இருந்து கேட்டிருப்பேன். முகாமில் கேட்டார்கள், பதிவில் கேட்டார்கள், ஊருக்குத் திரும்பிய பிறகு வீட்டுக்கு வந்தும் கேட்டார்கள். உதவி தருகிறோம் என்று படிவத்தோடு வந்தவர்களும் கேட்டார்கள். சொன்னதெல்லாம் எங்கே போனதென்று தெரியாது.

நான் பேசாமல் இருந்தேன். அவர் பேனையை மூடி வைத்தார். ‘இதை இன்றைக்குச் சொல்லத் தேவையில்லை. ஒருபோதும் சொல்லாமல் விட்டாலும் நீங்கள் இங்கே வரலாம்’ என்றார். அன்று மிச்ச நேரம் முழுவதும் வயலைப் பற்றியும் என் இடது தோள் நோவைப் பற்றியும்தான் கதைத்தோம்.

எங்கள் ஆட்களுக்கு இதை யாராவது முதலே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். விசாரணையில் கேட்கிறவருக்கு விடை தேவை. இங்கே விடை தேவைப்படுவது உங்களுக்கு. ‘இதற்கு இப்போது பதில் சொல்ல விருப்பமில்லை’ என்று சொல்லலாம். நான் அதைச் சொல்லிப் பழகவே இரண்டு மாதம் எடுத்தது.

---

ஆலடி உளவளத்துணை | வெள்ளி, காலை 6.30

தங்கச்சி, நான் வன்னியில் 14 வருடமாக உளவளத்துணை வேலை செய்கிறேன். குளக்கட்டு அண்ணா சொன்னதை எங்கள் பயிற்சிகளில் பாடமாக வைக்கலாம்.

முதலில் ஆட்களைப் பிரித்து அறிந்துகொள்ளுங்கள், ஊரில் எல்லாரையும் ‘மன டொக்டர்’ என்றுதான் சொல்கிறார்கள். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அந்தத் துறையில் மேற்படிப்பும் முடித்தவர், மருந்து எழுதுவார். உளவியலாளர் உளவியல் படித்தவர், இலங்கையில் மருந்து எழுதமாட்டார், கதைத்தும் பயிற்சி கொடுத்தும் வேலை செய்வார். பிரதேச செயலகத்திலும் சில நிறுவனங்களிலும் என்னைப்போல உளவளத்துணையாளர்கள் இருக்கிறோம். உங்களை அனுப்பியிருப்பது உளவியலாளரிடம். அரச ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை.

முதல் நாளில் பெரும்பாலும் சிகிச்சை தொடங்காது. அறிமுகமும் கேள்விகளும்தான். என்ன பிரச்சினை, எப்போது தொடங்கியது, நித்திரை, சாப்பாடு, வேலை, வீட்டில் யார் இருக்கிறார்கள், முன்னர் ஏதாவது வருத்தம், என்ன மருந்து குடிக்கிறீர்கள், குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று போகும். ஒன்பது கேள்வியுள்ள ஒரு தாளும் தரலாம். கடந்த இரண்டு கிழமையில் ஒவ்வொன்றும் எத்தனை நாள் இருந்தது என்று 0 முதல் 3 வரை போட வேண்டும். அது சோதனை அல்ல, புள்ளி கூடினால் பெயில் என்றும் இல்லை. சில மாதம் கழித்துத் திரும்ப அதே தாளைத் தந்து என்ன மாறியது என்று பார்ப்பார்கள்.

அந்தத் தாளின் ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. உயிரை விடலாம் என்று யோசனை வந்ததா என்று நேராகவே கேட்பார்கள். பயப்பட வேண்டாம், எல்லாரிடமும் கேட்பதுதான். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. உண்மையைச் சொல்லுங்கள். சொன்னால் பொலிசுக்குப் போய்விடும் என்று பயப்படுகிறவர்களை இன்னும் காண்கிறேன். தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டம் 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

அடுத்தது இரகசியம். நல்ல உளவியலாளர் முதல் நாளே தானாக இதைச் சொல்வார், சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். நீங்கள் சொல்வது அம்மாவுக்கோ, முன்பள்ளிக்கோ, கிராம சேவையாளருக்கோ போகாது. விதிவிலக்குகள் உண்டு. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ உடனடி ஆபத்து என்றால், ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்றால், நீதிமன்றம் கேட்டால் அவர் பேசாமல் இருக்க முடியாது. குறிப்பை யார் பார்ப்பார், எங்கே பூட்டி வைப்பீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. எங்கள் மண்ணில் அந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது, வேலை தெரிந்தவருக்கு அது விளங்கும்.

அம்மா வரட்டும். வெளியே இருக்கட்டும். விரும்பினால் கடைசி ஐந்து நிமிடம் உள்ளே கூப்பிடலாம், அதை முடிவெடுப்பது நீங்கள்.

---

கோயிலடி | வெள்ளி, காலை 8.47

பிள்ளை, நான் வயதில் மூத்தவன், மனதில் பட்டதைச் சொல்கிறேன், குறை நினைக்க வேண்டாம். எங்கள் சனம் வற்றாப்பளை அம்மனை நம்பித்தான் எல்லாவற்றையும் தாங்கியது. வைகாசி விசாகப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிகிற இடம் அது. இடம்பெயர்ந்து கிடந்தபோதும் அவளை நினைத்துத்தான் கும்பிட்டோம். அங்கே போய் மனம்விட்டு அழுதால் பாரம் குறையும். கலியாணம் செய்யாத பிள்ளை, மனநலக் கிளினிக் வாங்கில் இருப்பதை நாலுபேர் கண்டால் நாளைக்குச் சம்பந்தம் பேசும்போது கதை வரும். அதுதான் என் கவலை.

---

ஆலடி உளவளத்துணை | வெள்ளி, பகல் 12.20

ஐயா, நீங்கள் சொல்வதில் அரைவாசிக்கு நானும் ஆமென்பேன். அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு என்னிடம் வருகிற சனம்தான் கனக்க. கும்பிடுவதை விடச் சொல்கிற உளவியலாளர் யாராவது இருந்தால் அவரிடம் போக வேண்டாம் என்று நானே சொல்வேன். எது உங்களை இவ்வளவு காலம் தாங்கியது என்று கேட்பது எங்கள் வேலையில் ஒரு பகுதி, அதற்கு ‘அம்மன்’ என்றுதான் முக்கால்வாசிப் பேர் பதில் சொல்கிறார்கள்.

கலியாணக் கதையில்தான் உங்களோடு நிற்க முடியவில்லை. நித்திரை இல்லாமல் இரவில் எழும்பி இருக்கிற பிள்ளையைச் சபை பார்த்து வீட்டிலேயே வைத்திருந்தால், கலியாணத்துக்குப் பிறகும் அவள் 2 மணிக்கு எழும்பத்தான் போகிறாள். பக்கத்தில் இன்னொருவர் படுத்திருப்பார், அவருக்கும் சொல்ல முடியாது. அப்படிக் கனபேரைக் கண்டிருக்கிறேன்.

---

தூரத்து உறவு | வெள்ளி, இரவு 11.55

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன், பிறந்தது தருமபுரம். எனக்குக் கிடைத்த உளவியலாளர் தமிழ் தெரியாதவர். முதல் மூன்று தடவை மொழிபெயர்ப்பாளரோடு நடந்தது. அவர் எங்கள் கோயிலில் காண்கிற ஆள். நான் வாயே திறக்கவில்லை. பிறகுதான் வேறு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம் என்று தெரிந்தது. கேட்டேன், மாற்றினார்கள்.

ஒரு விடயம் மட்டும் சொல்கிறேன். நான் ‘யோசிக்கிறேன்’ என்று சொன்னால் அவர் ‘என்ன முடிவெடுக்க யோசிக்கிறீர்கள்’ என்று கேட்பார். எங்கள் ‘யோசனை’ அதுவல்லவே. விடாமல் ஒன்றையே மனம் அரைப்பதை எங்கள் அம்மாமார் யோசனை என்பார்கள். அதை விளங்கப்படுத்தவே ஒரு முழுநாள் போனது. உங்களுக்குத் தமிழில் கதைக்க ஆள் கிடைத்திருப்பது பெரிய கொடை, தங்கச்சி. பாடப்புத்தகச் சொல் ஒன்றும் தேட வேண்டாம். நெஞ்சு படபடக்குது, விறைச்சுப்போகுது என்று வீட்டில் சொல்கிறபடியே சொல்லுங்கள்.

---

நெடுங்கேணி 84 | சனி, காலை 9.30

எனக்கு நடந்ததையும் எழுத வேண்டும், நல்லது மட்டும் சொன்னால் சரியில்லை. சில வருடம் முன்னர் ஓர் அலுவலகத்தில் உளவளத்துணைக்குப் போனேன். கதவு திறந்தே கிடந்தது, இடையில் ஆட்கள் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். நான் அழ, ‘உங்களைவிடக் கஷ்டப்பட்டவர்கள் எத்தனை பேர், மனத்தைத் திடப்படுத்துங்கள்’ என்றார். அடுத்த கிழமை என் மாமியாருக்கு நான் சொன்னது தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு ஐந்து வருடம் யாரிடமும் போகவில்லை.

போன வருடம் வேறொருவரிடம் போனேன். வித்தியாசம் முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்தது. அறிவுரை சொல்லவில்லை. நான் சொன்னதைத் தான் விளங்கிக்கொண்டபடி திருப்பிச் சொல்லி, ‘சரியா, பிழையா’ என்று கேட்டார். ஒரு இடத்தில் பிழை என்றேன். திருத்தினார்.

---

ஆலடி உளவளத்துணை | சனி, பிற்பகல் 2.10

நெடுங்கேணி, உங்களுக்கு நடந்தது எங்கள் தொழிலின் அடிப்படையையே மீறியது. அதற்காக இந்த வேலை செய்கிற ஆளாக வருந்துகிறேன். இதை வாசிக்கிற மற்றவர்களும் அறிந்துகொள்ளுங்கள்: ஒருவரோடு மூன்று, நான்கு தடவை கதைத்தும் மனம் ஒட்டவில்லை என்றால் அதை அவரிடமே சொல்லலாம், வேறு ஆளைக் கேட்கலாம். படிப்பும் பயிற்சியும் என்ன என்றும் கேட்கலாம். எந்த முறைச் சிகிச்சையானாலும் இருவருக்கும் இடையில் இருக்கிற நம்பிக்கைதான் அதன் பலனைப் பெரிய அளவில் தீர்மானிக்கிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

---

மல்லாவி அம்மா | சனி, இரவு 8.15

பேத்தி எழுதித் தருகிறாள். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள்.

என் மகனை 2009 வைகாசியில் என் கையால் ஒப்படைத்தேன். பிறகு காணவில்லை. காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 மாசி (பெப்ரவரி) 20ஆம் திகதி தொடங்கிய போராட்டத்தில் நானும் இருந்தேன். இப்போது முழங்கால் விடுவதில்லை. சாப்பாடு இறங்குவதில்லை, அவனுக்குப் பசிக்குமோ என்று வருகிறது. பேத்தி உளவியலாளரிடம் போவோம் என்கிறாள். போனால் ‘அவன் இல்லை, ஏற்றுக்கொள்ளுங்கள், திவசம் செய்யுங்கள்’ என்று சொல்வார்களா? ஒருவர் முன்னர் அப்படிச் சொன்னார். அப்படிச் சொல்கிற இடத்துக்கு நான் வரமாட்டேன்.

---

ஆலடி உளவளத்துணை | சனி, இரவு 9.40

அம்மா, அப்படிச் சொல்லக் கூடாது. சொன்னவர் பிழை.

பவுலின் பொஸ் என்ற அமெரிக்க அறிஞர் உங்களைப் போன்றவர்களின் நிலைக்கு ஒரு பெயர் வைத்தார், தமிழில் தெளிவற்ற இழப்பு என்று சொல்லலாம். ஆள் இல்லை, ஆனால் இல்லை என்று சொல்ல ஒரு சான்றும் இல்லை. போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களோடு வேலை செய்துதான் அவர் இதை எழுதினார். இதில் ‘முடித்து வைத்தல்’ என்று ஒன்றை அந்தக் குடும்பத்திடம் கேட்பதே தவறு என்பது அவர் நிலைப்பாடு. நோய் உங்களில் இல்லை அம்மா, பதில் தராத நிலைமையில் இருக்கிறது.

ஆகவே உள்ளே போனால் மகனை விடச் சொல்லமாட்டார்கள். வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்ற இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்துக்கொண்டே இன்றைக்கு ஒரு வாய் சாப்பிடுவது எப்படி, முழங்காலுக்கு மருந்து எடுப்பது எப்படி, பேத்தியோடு சிரித்தால் அவனுக்குத் துரோகம் என்று வருகிற எண்ணத்தை என்ன செய்வது என்று கதைப்பார்கள். போராட்டத்துக்குப் போவதையும் நிற்பாட்டச் சொல்லமாட்டார்கள். அங்கே மற்றத் தாய்மாரோடு இருந்தது உங்களைத் தாங்கியிருக்கும், அதையும் சொல்லுங்கள். வன்னி மக்களை ஆராய்ந்து எழுதிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதைக் கூட்டு மனவடு என்றார். ஒரு ஆளுக்கு மட்டும் பட்ட காயம் இல்லை, சேர்ந்து இருப்பதும் அதற்கு மருந்தில் ஒரு பங்கு.

---

குளக்கட்டு | ஞாயிறு, காலை 5.50

தங்கச்சி கேட்ட ‘எல்லாவற்றையும் சொல்லச் சொல்வார்களா’ என்பதற்கு இன்னும் கொஞ்சம் எழுத வேண்டும். சொல்கிற ஒரு நாள் எனக்கு வந்தது. அதற்குள் ஐந்து மாதம் போயிருந்தது. அந்த ஐந்து மாதமும் மூச்சுப் பயிற்சி, கோயில் திருவிழாவில் வெடி போட்டால் என்ன செய்வது, கண்ணில் படுகிற ஐந்து பொருளின் பெயரை மனதுக்குள் சொல்லி நிற்கிற இடத்துக்குத் திரும்புவது என்று நிலத்தைப் பண்படுத்திய வேலைதான்.

பிறகு ஒருநாள் அவர் ஒரு கயிற்றை நிலத்தில் விரித்தார். ஒரு முனை நான் பிறந்த நாள். கூடையில் பூவும் கல்லும் இருந்தன. நல்ல காலத்துக்குப் பூ, கெட்டதுக்குக் கல், வருட வரிசையில் வைக்கச் சொன்னார். நான் கல்லாகவே எடுத்தேன். சின்னக் கல், பெரிய கல். அவர் அவசரப்படவில்லை. ‘இந்த இரண்டு கல்லுக்கும் இடையில் ஒன்றுமே இல்லையா’ என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். செட்டிகுளம் முகாமில் ஒரு நாள், கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் என் தங்கச்சி நிற்பதைக் கண்டேன். செத்துவிட்டாள் என்று நினைத்திருந்தவள். அதற்கு ஒரு பூ வைத்தேன். கயிற்றின் மற்ற முனையை விரிக்காமல் சுருளாகவே விட்டார், அது இனி வருகிற காலமாம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் ஒரு கல்லை எடுத்து, முதலில் என்ன கண்டேன், என்ன மணம், உடம்பில் என்ன வந்தது, இப்போது சொல்லும்போது என்ன வருகிறது என்று மெல்ல மெல்லச் சொல்வேன். அவர் எழுதுவார். அடுத்த தடவை வாசித்துக் காட்டுவார், நான் திருத்துவேன். பத்துத் தடவை. கடைசியில் முழுதையும் என் கையில் தந்துவிட்டார். வாழ்நாளில் என்னைப் பற்றி எழுதப்பட்ட தாள் என்னிடமே வந்தது அந்த ஒரு தடவைதான். கனவு இப்போதும் இடைக்கிடை வரும். முன்னர் கிழமைக்கு நாலு, இப்போது மாதத்தில் ஒன்று.

---

ஆலடி உளவளத்துணை | ஞாயிறு, காலை 10.15

அண்ணா சொன்னது விவரிப்பு முறைச் சிகிச்சை. ஜேர்மனியின் கொன்ஸ்ரான்ஸ் பல்கலைக்கழகத்தார் உருவாக்கியது. சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் தமிழ்ப் பிள்ளைகளோடும் செய்து பார்த்தார்கள், சிகிச்சை கொடுத்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள். எல்லாருக்கும் இது தேவைப்படாது. பலருக்கு எண்ணங்களையும் பழக்கங்களையும் பார்க்கிற சிகிச்சையே போதும், அது வழக்கமாகக் கிழமைக்கு ஒன்றாகச் சில மாதம் போகும். எங்கள் பக்கம் ஆட்கள் குறைவு, இரண்டு கிழமைக்கு ஒரு தடவை கிடைத்தாலே பெரிய விடயம். அறுவடைக் காலத்தில் வர முடியாது என்றால் முதலே சொல்லிவிடுங்கள், சொல்லாமல் நின்றுவிட வேண்டாம்.

முதல் சில தடவைகளுக்குப் பிறகு களைப்பு, அழுகை, கனவு கொஞ்சம் கூடலாம். அன்று பின்னேரம் பெரிய வேலை வைக்க வேண்டாம். இடையில் தாங்க முடியாமல் வந்தால் கிளினிக் நாள் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு 24 மணித்தியாலமும் எடுக்கலாம்.

---

வாவெட்டிப் பிள்ளை | செவ்வாய், இரவு 8.20

போய்விட்டு வந்துவிட்டேன்.

வாங்கில் பயந்ததே நடந்தது. என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் அம்மா இருந்தார். நான் தலையைக் குனிந்தேன். அவர் கையிலும் துண்டு. பார்த்துச் சிரித்துவிட்டுத் தள்ளி இடம் விட்டார். கதைக்கவில்லை, பக்கத்தில் இருந்தோம்.

உளவியலாளர் ஒரு அக்கா. என் அம்மா வெளியே வேப்பமரத்தடியில் இருந்தார். உள்ளே போனதும் முதல் கேள்வி, ‘கதவை மூடவா, கொஞ்சம் திறந்து வைக்கவா?’ நான் மூடச் சொன்னேன். இரண்டு கதிரையும் மேசைக்கு ஒரே பக்கமாக, கொஞ்சம் சரித்துப் போட்டிருந்தன. ஒன்பது கேள்வித் தாள் வந்தது, ஆலடி அக்கா சொன்னதால் பயப்படவில்லை. ஒன்பதாவதுக்கு 1 போட்டேன். அவர் முகம் மாறவில்லை. எப்போது வரும், அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டார். இவ்வளவு நாளும் யாருக்கும் சொல்லாததை ஒரு இலக்கமாகப் போட்டேன், உலகம் இடிந்து விழவில்லை.

2009 பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ‘அந்த வருடத்தைப் பற்றி இன்றைக்கு வேண்டாம்’ என்றேன். சரி என்றார். நித்திரையைப் பற்றித்தான் முழு நேரமும். படுக்கிற நேரம், எழும்புகிற நேரம் எழுத ஒரு கொப்பி வைக்கச் சொன்னார். இருபது நிமிடம் போல நித்திரை வராவிட்டால் பாயில் கிடந்து உருளாமல் எழும்பி வெளி விறாந்தையில் இருந்துவிட்டு, நித்திரை வரும்போது திரும்பப் போய்ப் படுக்கச் சொன்னார். ‘நல்லாக நித்திரை கொள்ளத் தொடங்கினால் முதலில் என்ன செய்வீர்கள்’ என்று கேட்டார். பதில் தெரியவில்லை. அதை யோசித்துக்கொண்டு வரச் சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது காரணமில்லாமல் அழுகை வந்தது. அம்மா ஒன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். இன்றிரவும் 2 மணிக்கு எழும்புவேன் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு கிழமையில் அடுத்த நாள் போட்டிருக்கிறார்கள். போவேன்.

---

மல்லாவி அம்மா | செவ்வாய், இரவு 9.05

பிள்ளை, பேத்தி வாசித்துக் காட்டினாள். அந்த அக்காவிடம் நானும் வரலாமா? வந்தால் மகனின் படத்தை உள்ளே கொண்டுபோக விடுவார்களா? கோயிலடியில் வைத்திருந்த பெரிய படம்.

---

வாவெட்டிப் பிள்ளை | செவ்வாய், இரவு 9.11

வரலாம் அம்மா. முதலில் கிளினிக்கில் துண்டு எடுக்க வேண்டும், நான் கூட வருகிறேன். மாங்குளம் சந்தியில் பஸ் மாறும்போது நில்லுங்கள், படத்தை நான் தூக்கிக்கொண்டு வருகிறேன்.